அந்த சீட்டுக்கு ஆள் இருக்கு

அங்கே கேட்டுப் பயனில்லை அக்கா. இப்படி வாருங்கள், இங்கே இடம் இருக்கிறது. என் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். கூடையைக் காலுக்கடியில் தள்ளிவிடுங்கள், பஸ் திரும்பும்போது உருளாது. ஆங், அவ்வளவுதான்.

"ஆள் இருக்கு" என்றுதானே சொன்னாள்? தெரியும். சொல்லும்போது சிரித்திருப்பாளே? அதுவும் தெரியும். நீங்களே சொல்லுங்கள், பஸ் கடலூர் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிவிட்டது. இனிமேல் எந்த ஆள் வரப்போகிறது? அந்த சீட்டில் இருந்தவள் இப்போதுதான் இறங்கிப் போனாள். நீங்கள் ஏறும்போது எதிரே இறங்கினாளே, ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிய பெட்டியோடு? ஆமாம், அவள்தான். ஜெனிட்டா. என் தோழி. நான் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் இறங்கிய மறு நிமிடம் அந்த ஷமீமா தன் பையை எடுத்து அந்த சீட்டில் வைத்தாள். ஜெனி உட்கார்ந்த இடமாம், வேறு யாரும் உட்காரக் கூடாதாம். சுற்றிக் கம்பி வேலி போட்டு, நீலப் பலகை ஒன்று நட்டு, "இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்" என்று எழுதி வைக்க வேண்டியதுதான் பாக்கி. நான் இதுவரை அப்படி ஏதாவது செய்திருக்கிறேனா? ஜெனி எனக்கு ஒரு வருஷப் பழக்கம். இவளுக்கு மூன்று மாதம்.

பாண்டிச்சேரிக்கா போகிறீர்கள்? நல்லது, நேரம் இருக்கிறது. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். பொறாமையில் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் எம்.ஏ. வரலாறு. ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டேன்.

என் பெயர் அங்கயற்கண்ணி, ஊர் திருமங்கலம். சென்னையில் ஹாஸ்டல். எல்லோரும் அங்கை என்பார்கள், ஜெனி மட்டும் அங்கு என்பாள். முதல் வருஷம் ஹாஸ்டலில் ஆறு பேருக்கு ஓர் அறை. ஆறு பேர், ஒரு மின்விசிறி, ஒரு கண்ணாடி, நான்கு விதமான இருமல். அங்கேதான் எனக்கும் ஜெனிக்கும் பழக்கம். இரண்டாம் வருஷம் போனால் இருவர் அறை கிடைக்கும். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு பூட்டு, அதற்கு இரண்டு சாவி. அதற்காகத்தான் நாங்கள் ஒரு வருஷம் அந்த ஆறு பேர் அறையைப் பொறுத்துக்கொண்டோம். ஜன்னலோரக் கட்டில் ஜெனிக்கு என்று நான்தான் முடிவு செய்தேன். அவளுக்கு மூச்சிரைக்கும், காற்று வேண்டும். பாருங்கள், நான் எப்படிப்பட்டவள் என்று.

எங்கள் ஹாஸ்டலில் அறை எப்படிக் கொடுப்பார்கள் தெரியுமா? வார்டன் மேடம் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டுவார். ஜோடி ஜோடியாக எழுந்து நிற்க வேண்டும். நான் ஜெனி பெயரைச் சொல்ல வேண்டும், ஜெனி என் பெயரைச் சொல்ல வேண்டும், எல்லோர் முன்னாலும், சத்தமாக. அங்கேயே இரண்டு சாவியையும் கையில் கொடுத்துவிடுவார். ஒருத்தி எழுந்து இன்னொருத்தி எழாமல் போனால்? போன வருஷம் அப்படி ஒரு சீனியர் அக்காவுக்கு ஆனது. இன்றைக்கும் அந்த அக்கா சாப்பாட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்.

அது நாளைக் காலை அக்கா. ஜெனி கடலூரில் வீட்டுக்குத் தலைகாட்டிவிட்டு ராத்திரி பஸ்ஸில் வந்துவிடுவாள். நாளைக் காலை.

அதற்கு முன்னால் ஒரு பயணம் போய்வரலாம் என்று இந்தத் தரங்கம்பாடி யோசனையைச் சொன்னவள் ஜெனிதான். சொன்னவள் அவள், உழைத்தவள் நான். ஒரு மாதம் நூலகத்தில் கிடந்தேன். டேனிஷ்காரர்கள் கோட்டை, அதற்குள் இருக்கும் அருங்காட்சியகம், கடலரித்த கோயில், பழைய தேவாலயங்கள், தமிழில் அச்சடித்த கதை, வழியில் பூம்புகார்க் கலைக்கூடம். எதை எங்கே நின்று சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் ஜெனிக்காக. நான் பேச ஆரம்பித்தால் அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். அப்படிக் கேட்க ஓர் ஆள் இருந்தால்தான் எனக்குப் பேச்சே வரும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து, "அங்கு, ஷமியும் வரட்டுமேடி" என்கிறாள்.

ஷமீமா புள்ளியியல். ஆம்பூர்க்காரி. எங்களுக்கு எதிர் அறை. மூன்று மாதத்துக்கு முன் சர்க்கரை கேட்டு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. "உனக்குக் கல்லும் சிலையும் போர் அடிக்குமே ஷமீமா" என்று நான் மரியாதையாகத்தான் சொன்னேன். "அடிக்கட்டும், அடி வாங்கிப் பழக்கம்தான்" என்கிறாள். ஜெனி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சொல்லுங்கள்.

நேற்றுக் காலை பூம்புகார். நான் ஒரு சிற்பத்தைக் காட்டி ஆரம்பித்தேன். ஜெனி என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அவளோ என் போனை வாங்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போகிறாள். "நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க, நான் எடுக்கறேன்." நானும் ஷமீமாவும். சிற்பத்துக்கு முன்னால், கடலுக்கு முன்னால், டீக்கடைக்கு முன்னால். "கொஞ்சம் கிட்ட வாங்கடி. அங்கு, சிரியேன், கோர்ட்ல நிக்கற மாதிரி நிக்கறே!" என் போனில் இப்போது நாற்பது படம் இருக்கும். ஒன்றில்கூட ஜெனி இல்லை. எனக்குப் பக்கத்தில் நிற்கப் பிடிக்காதவள் என்ன செய்வாள்? போட்டோ எடுப்பாள்.

இதுதான் என் முதல் சான்று. இதற்கே நீங்கள் உச்சுக் கொட்டினால் எப்படி? மேலே கேளுங்கள்.

தரங்கம்பாடியில் லாட்ஜ். மூன்று பேருக்கு ஒரு பெரிய கட்டில், ஒரு ஒற்றைக் கட்டில். ஜெனி உள்ளே நுழைந்ததும் நேரே ஒற்றைக் கட்டிலில் போய் விழுந்தாள். "நீங்க ரெண்டு பேரும் அதுல படுங்க." அதோடு விட்டாளா? கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கிறாள், கல்யாணத் தரகர் மாதிரி. "ஷமி, உனக்கு ஃபேன் வேகமா ஓடணுமா, மெதுவா ஓடணுமா? அங்குவுக்கு வேகமா ஓடணும். ஷமி, லைட் எரிஞ்சா உனக்குத் தூக்கம் வருமா? அங்கு ராத்திரி ரொம்ப நேரம் படிப்பா." ஷமீமா சொல்கிறாள், "எனக்கு லைட் என்ன, பக்கத்துல பேண்டு வாத்தியம் வாசிச்சாலும் தூக்கம் வரும். ஆனா விடியறதுக்கு முன்னாடி தொழுகைக்கு எந்திரிப்பேன், அலாரம் அடிக்கும். அதான் அங்கைக்குக் கஷ்டம்." உடனே ஜெனி, "அவ இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா" என்கிறாள்.

என்னைப் பற்றி! எனக்கு முன்னாலேயே! என் தூக்கத்தைப் பற்றி அந்நிய மனுஷியிடம் பேசுகிறாள். ஒரு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள், அந்த ரகசியத்தையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்?

இன்றைக்குக் காலை அந்தக் கோயில். கடல் வந்து முன்பக்கத்தைத் தின்றுவிட்ட கோயில் அக்கா, பார்த்திருக்கிறீர்களா? அலை கல்லில் மோதிக்கொண்டிருந்தது. ஷமீமா சுண்டல் வாங்கப் போயிருந்தாள். நானும் ஜெனியும் மட்டும். ரொம்ப நாள் கழித்து நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி" என்றாள். "முதல்ல இதைக் கேளு" என்று நான் பாண்டியன் குலசேகரனில் ஆரம்பித்தேன். எழுநூறு வருஷம் அக்கா. எழுநூறு வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? நான் முடிப்பதற்குள் சுண்டல் வந்துவிட்டது.

பிறகு கோட்டை மதில் மேல் உட்கார்ந்திருந்தபோது மறுபடியும், "அங்கு, நீ கோபப்படக் கூடாது, நான் ஒண்ணு..." என்று இழுத்தாள். அந்த நேரம் பார்த்து எனக்குப் பரணி ஞாபகம் வந்துவிட்டது. பரணி எங்கள் வகுப்புப் பையன். கல்வெட்டுப் படிப்பதில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன். போன மாதம் குரூப் ஃபோரில் வேலை கிடைத்தது என்று எம்.ஏ.வை நடுவில் விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டான். எனக்கு வயிறு எரியாதா? "நாட்டுல ஆராய்ச்சி ஏன் வளரலேன்னா இப்படிப்பட்ட ஆளுங்களாலதான். ஒரு மர நாற்காலிக்காக மூளையை அடகு வைக்கறவன். அவன் என் முன்னால வந்தா மூஞ்சியில முழிக்க மாட்டேன். துரோகி!" என்றேன். ஷமீமா குறுக்கே வருகிறாள், "அவன் வீட்டுல என்ன கஷ்டமோ அங்கை." விடுவேனா? கஷ்டம் யாருக்கு இல்லை? ஜெனியுடைய அப்பாவுக்குக்கூடத்தான் வேலை போய் ஒரு வருஷம் ஆகிறது, கம்பெனியை மூடிவிட்டார்கள். ஜெனி படிக்கவில்லையா? அதையே உதாரணமாகச் சொன்னேன். "இதோ ஜெனி இல்ல? இவ ஓடினாளா?" என்று அவள் தோளில் தட்டினேன்.

பாராட்டினேன் அக்கா! அதற்கு அவள் ஒரு வார்த்தை பேசினாளா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஷமீமா சுண்டல் காகிதத்தைக் கசக்கி, "அங்கை, நீ மூச்சு விட்டுப் பேசு, இல்லாட்டி கோட்டை இடிஞ்சுடும்" என்றாள். உடனே ஜெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பாராட்டுக்கு மௌனம். அவளுடைய கிண்டலுக்குச் சிரிப்பு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். அருங்காட்சியகம்.

நான் முறையாக, காலவரிசைப்படி சொல்லிக்கொண்டு வருகிறேன். எங்களுக்குப் பின்னால் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். கணவன், மனைவி, மாமியார். நான் சொல்வதை அவர்களும் கேட்டுக்கொண்டு வந்தார்கள், நானும் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அந்த மாமியார் ஒரு பீரங்கிக் குண்டைக் காட்டி, "இதென்ன கண்ணு?" என்றார். நான் அதன் எடையிலிருந்து ஆரம்பிப்பதற்குள் ஷமீமா சொல்கிறாள், "அது டேனிஷ் ராணி செஞ்ச இட்லிங்க பாட்டிம்மா. மாவு புளிக்கல."

சிரித்தார்கள் பாருங்கள். அந்த வேட்டி கட்டிய மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நான், "அது உண்மை இல்லைங்க" என்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "தெரியுதுங்க" என்றார் அவர். அதற்கப்புறம் அந்தக் குடும்பம் அவள் பின்னாலேயே போனது. உடைந்த பீங்கான் தட்டுக்கு முன்னால் நின்று, "இதுக்கு என்ன கதைங்க அம்மிணி?" என்கிறார்கள். கதை! ஒரு மாதம் நூலகத்தில் கிடந்தவள் நான். ஒரு பக்கம் படிக்காதவள் அவள். கூட்டம் அவளுக்கு.

சரி, கூட்டம் போகட்டும். நாமக்கல்காரர்கள் எனக்கு என்ன உறவா? ஜெனியும் அவள் பின்னால் போனாள். அதுதான்.

ஒரு மூலையில் பழைய மரப்பெட்டி ஒன்று, இரும்புப் பட்டை அடித்தது. ஷமீமா அதற்கு முன்னால் நின்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "இந்தப் பெட்டி ஒரு பொண்ணோடது" என்று ஆரம்பித்தாள். "இந்த ஊர்ல அவளுக்கு உயிர்த்தோழி ஒருத்தி. திடீர்னு இவ கப்பல் ஏறிப் போக வேண்டிய நிலைமை. வீட்டுக்காக. போயே ஆகணும். ஆனா தோழிகிட்ட சொல்ல முடியல."

"ஏன் கண்ணு சொல்லல?" என்றார் அந்த மாமியார்.

"சொன்னா அந்தத் தோழி துறைமுகத்துக்கே வந்து கேப்டன்கிட்ட வாக்குவாதம் பண்ணுவா. கப்பலே கிளம்பாது. அப்படிப்பட்ட ஆளு. அதனால இவ ஒரு வேலை பண்ணினா. தான் போனதுக்கப்புறம் தோழி தனியா இருக்கக் கூடாதுன்னு, இன்னொருத்திய அவளுக்குப் பழக்கிவிட்டா. ரெண்டு பேரையும் உக்கார வெச்சா, ஒண்ணா சாப்பிட வெச்சா..."

"அந்தப் புள்ள புரிஞ்சுக்கிச்சா?"

"எங்கங்க? அந்தப் புள்ள ரொம்பப் படிச்ச புள்ள" என்றாள் ஷமீமா.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெனி சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது அவளுக்கு. தேம்பித் தேம்பி அழுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் எத்தனை உண்மைக் கதைகளை அவளுக்குச் சொல்லியிருப்பேன்! பஞ்சத்தைச் சொல்லியிருக்கிறேன், கப்பல் கப்பலாக அடிமைகளை ஏற்றிப் போனதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இவள் ஒரு பொய்யை அளக்கிறாள், அதற்கு அழுகை!

நான் நேரே பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பக்கத்தில் இருந்த அட்டையைச் சத்தமாக வாசித்தேன். "மரப்பெட்டி. துணிகள் வைக்கப் பயன்பட்டது. அவ்வளவுதான் போட்டிருக்கு. எந்தப் பொண்ணும் இல்ல, எந்தத் தோழியும் இல்ல, யாரும் யாரையும் விட்டுட்டுப் போகல!" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது. காவலாளி எழுந்து வந்துவிட்டார். அந்த மாமியார் என் கையைத் தட்டிக் கொடுத்து, "உடு சாமி, கதைதானே" என்றார். எனக்கா ஆறுதல்? ஆறுதல் சொல்ல எனக்கு என்ன ஆகிவிட்டது?

இது என்ன இடம், தவளக்குப்பமா? சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன்.

வெளியே கடற்கரையில் சங்கு சோழிக் கடை. ஜெனி சாவிக்கொத்து வாங்கினாள். சோழி கோத்தது, நீல நூல். எனக்கு ஒன்று. நான் சந்தோஷமாகக் கை நீட்டி வாங்குகிறேன், அதே மாதிரி இன்னொன்றை எடுத்து ஷமீமா கையில் கொடுக்கிறாள். அச்சு அசல் அதே மாதிரி! வேறு நிறம்கூட இல்லை. "உனக்கு?" என்று கேட்டேன். "எனக்கெதுக்குடி" என்றாள். அதாவது, எனக்குக் கொடுத்ததற்கு அர்த்தம் எதுவும் இல்லை. கடைக்காரர் ஒரு ஜோடியாக விற்றார், ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு, தீர்ந்தது கணக்கு. நான் அதைப் பையின் அடியில் போட்டுவிட்டேன். ஷமீமா தன்னுடையதைப் பையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், தெரிகிறதா? அந்த சீட்டில் ஆடிக்கொண்டிருக்கிறதே, அதுதான்.

பஸ் ஏறியதும் ஜெனி, "அங்கு, நீ ஷமி பக்கத்துல உக்காரு, நான் கடலூர்ல எறங்கணும், முன்னாடி உக்காந்துக்கறேன்" என்றாள். இங்கே வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் நடுவழியில் நின்று பார்த்துவிட்டுப் பின்னால் ஷமீமா பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். சிதம்பரம் வரை இரண்டு பேரும் குசுகுசுவென்று பேச்சு. திரும்பிப் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்தா? நான்கைந்து தடவைதான் பார்த்தேன்.

இறங்குவதற்கு முன்னால் என் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னாள். "அங்கு, நாளைக்குக் காலைல ஷமி உன்கிட்ட ஒண்ணு கேப்பா. சண்டை போடாம கேளு. எனக்காக." அப்புறம், "ரூம்ல இருக்கற கெட்டில நீயே வெச்சுக்கோடி" என்றாள்.

புரிகிறதா அக்கா? நாளைக் காலை கேட்பாளாம். என்ன கேட்பாள்? "ஜெனியை எனக்கு விட்டுக்கொடு" என்று கேட்பாள். அதற்கு ஈடாக எனக்கு ஒரு கெட்டில்! ஒரு வருஷத்து சிநேகிதத்துக்கு விலை, மூடி சரியாக மூடாத ஒரு கெட்டில். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் போன பிறகுதான் திரும்பினேன்.

அதனால்தான் நான் பின்னால் போக மாட்டேன் என்கிறேன். போனால் இப்போதே கேட்டுவிடுவாள். கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். வாதம் செய்து எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை, ஆனால் இதில்... இதில் எதை வைத்து வாதாடுவது? என்னோடுதான் இருக்க வேண்டும் என்று ஆதாரம் காட்டிக் கேட்க முடியுமா?

என்ன அக்கா, அப்படிப் பார்க்கிறீர்கள்?

பெட்டியா? ஆமாம், பெரிய பெட்டிதான். இரண்டு நாளுக்கு அவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று நான்கூடக் கேலி செய்தேன். துவைக்கிற துணியாக இருக்கும். வீட்டுக்குப் போகிறாள் இல்லையா.

தலையணையா? பெட்டி மேல் கயிறு போட்டுக் கட்டியிருந்ததா? நான் பார்க்கவில்லை. நீங்கள் எதிரே ஏறினீர்கள், பார்த்திருப்பீர்கள்.

அழுதாளா? எப்போது? இறங்கியதும் அழுதாளா? இந்த ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றா? கையை ஆட்டினாளா? எவ்வளவு நேரம்? பஸ் கிளம்புகிற வரைக்குமா? நான் அந்தப் பக்கம் திரும்பி... இல்லை, நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளைக் கூப்பிட யார் வந்திருந்தது? அவள் அப்பாவா? அவர் உங்களிடம் பேசினாரா? பெட்டியைத் தூக்கும்போதா?

என்ன சொன்னார்?

திருப்பிச் சொல்லுங்கள்.

"பொண்ணுக்கு கவர்மெண்ட் வேலை கெடைச்சிருக்கு, புதன்கிழமை சேரணும்" என்றாரா? சிரித்துக்கொண்டே சொன்னாரா? தெரியாத உங்களிடம், பஸ் ஸ்டாண்டில், சொன்னாரா?

...

தண்ணீர் வேண்டாம் அக்கா. இருக்கிறது. என்னிடமே இருக்கிறது.

அந்தப் பரணியை நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று சொன்னேன் இல்லையா உங்களிடம்? அவள் தோளைத் தட்டிக்கொண்டு. அவள் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்தாள், துடைத்தாள்... ஒற்றைக் கட்டில். நாற்பது படம். ஃபேன் வேகமா, மெதுவா. அந்தப் பெட்டிக் கதை. ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி. இந்தச் சாவிக்கொத்து எங்கே போட்டேன், இருங்கள், அடியில் போட்டேன்... இதோ. அச்சு அசல் அதே மாதிரி.

இல்லை அக்கா, நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது. ஏன் தெரியுமா? ஷமீமாவுக்குத் தெரிந்திருக்கிறது! எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது! மூன்று மாதப் பழக்கம் அவளுக்கு, ஒரு வருஷம் எனக்கு, யாரிடம் முதலில் சொல்லியிருக்கிறாள் பாருங்கள்! எப்போது சொன்னாள்? எங்கே வைத்துச் சொன்னாள்? சொல்லும்போது ஜெனி அழுதாளா? அழுதால் யார் தோளில்? இதெல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த நாமக்கல் மாமியாருக்குக்கூட என்னைப் பற்றி எனக்கு முன்னால் தெரிந்துவிட்டது. நீங்கள் கடலூரில் ஏறியவர், உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

அதோ, அரியாங்குப்பத்தில் ஏறிய ஆள் ஒருவர் அவளிடம் கேட்கிறார், பாருங்கள். பையைக் காட்டிக் கேட்கிறார். அவள் தலையாட்டுகிறாள். "ஆள் இருக்கு." கேட்டதா உங்களுக்கு? மறுபடியும் அதையேதான் சொல்கிறாள். அவர் திட்டுகிறார். அவள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்க்கிறாள்.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள் அக்கா. கூடை பத்திரம்.

ஆமாம், போகிறேன். சமாதானம் பேச என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு நிறையக் கேள்விகள் இருக்கின்றன. சென்னை போய்ச் சேர இன்னும் நான்கு மணி நேரம் ஆகும், அதற்குள் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டுவிடுவேன். விடியற்காலை அலாரம் அடித்தால் அடிக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என்னை அங்கு என்று மட்டும் கூப்பிடக் கூடாது. அப்புறம் அந்த ஜன்னலோரக் கட்டில். அது ஜெனியுடையது. அவள் எப்போதாவது லீவு போட்டுக்கொண்டு வருவாள், வந்தால் அவளுக்குக் காற்று வேண்டும். அதில் ஷமீமாவும் படுக்கக் கூடாது, நானும் படுக்க மாட்டேன். ஒரு கட்டிலில் இரண்டு பேர் எப்படிப் படுப்பது என்று கேட்பாள். நேற்று லாட்ஜில் எப்படிப் படுத்தோமோ, அப்படித்தான்.